கெடில்ஸ்டன் மாளிகை: காட்டுவதும் காட்டாததும்

இங்கிலாந்தின் வரலாற்றைக் கற்க விழைவோர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தையும் தேவாலயங்களையும் கோட்டைகளையும் காண்பதோடு அமைந்துவிடுதல் கூடாது. நகரங்களை விட்டு நெடுந்தொலைவில், பசும்புல் வெளிகளுக்கும் ஓங்கிய மரங்களுக்கும் நடுவே தனித்து நிற்கும் பெருமாளிகைகளையும் அவர்கள் காணுதல் வேண்டும். பல நூற்றாண்டுகளாக அந்நாட்டை ஆண்டவர்களுள் பெரும்பாலோர் அத்தகைய மாளிகைகளில் பிறந்தவர்கள். நாடாளும் வேலை ஓய்ந்தபோது அவற்றுக்கே திரும்பியவர்கள். நிலமும் செல்வமும் அதிகாரமும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்த இடங்கள் அவை.

இன்று அம்மாளிகைகள் பலவற்றின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்துள்ளன. கட்டணம் செலுத்தி உள்ளே செல்வோர் ஓவியங்களையும் பொன்முலாம் பூசிய நாற்காலிகளையும் கண்டு வியந்து, தோட்டத்தில் உலாவி, தேநீர் அருந்தித் திரும்புகின்றனர். வியத்தல் தவறன்று. ஆயினும் வியப்போடு நின்றுவிடுபவர் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தவர் ஆவார். ஒரு மாளிகை தான் காட்ட விரும்புவதைக் காட்டுகின்றது. அது காட்டாததைக் கேட்டறிவது காண்பவரின் கடமையாகும். இவ்வுண்மையை விளக்குதற்கு டார்பிஷயர் மாவட்டத்தில், டார்பி நகருக்கு வடமேற்கே சில கல் தொலைவில் நிற்கும் கெடில்ஸ்டன் மாளிகையைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

மாளிகை எழுந்த வரலாறு

கர்சன் குடும்பத்தார் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் கெடில்ஸ்டனில் நிலவுடைமையாளராக வாழ்ந்து வந்தனர். 1758ஆம் ஆண்டில் குடும்பச் சொத்து சர் நத்தேனியல் கர்சன் என்பாரின் கைக்கு வந்தது. அப்போது அங்கு ஒரு நல்ல செங்கல் வீடு இருந்தது. அது கட்டப்பட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆகியிருந்தன. எனினும் இளம் பிரபுவுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டு, தம் கல்வியையும் கலைச்சுவையையும் குலப்பெருமையையும் உலகுக்கு உணர்த்தும் புதிய மாளிகை ஒன்றை எழுப்ப அவர் முடிவு செய்தார்.

1759ஆம் ஆண்டில் மேத்யூ பிரெட்டிங்காம் என்னும் கட்டடக் கலைஞர் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் ஜேம்ஸ் பெய்ன் அதனைத் தொடர்ந்தார். இறுதியில் அப்பணி ராபர்ட் ஆடம் என்னும் ஸ்காட்லாந்து இளைஞரிடம் வந்து சேர்ந்தது. ஆடம் இத்தாலியில் சில ஆண்டுகள் தங்கிப் பண்டை ரோமானியரின் கட்டடங்களை அளந்தும் வரைந்தும் கற்று, 1758ஆம் ஆண்டில்தான் தாயகம் திரும்பியிருந்தார். கற்றவற்றையெல்லாம் அவர் கெடில்ஸ்டனில் கொட்டி வைத்தார் எனலாம்.

மாளிகையின் வடமுகத்தில் ஆறு தூண்கள் தாங்கும் உயர்ந்த முகமண்டபம் உள்ளது. அதனைக் கடந்து உள்ளே செல்வோர் பளிங்குக் கூடம் எனப்படும் பேரவையை அடைகின்றனர். அங்கு இருபது தூண்கள் இரு வரிசைகளில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி உயரமுடையது. வரியோடிய அலபாஸ்டர் கல்லால் ஆன அவற்றின்மேல் கூரை வழியே வரும் ஒளி படிகின்றது. அக்கூடத்துக்குப் பக்கச் சாளரங்கள் இல்லை. சுவர் மாடங்களில் பண்டைக் கிரேக்க, ரோமானியச் சிலைகளின் வெண்சாந்துப் படிகள் நிற்கின்றன. அதற்கு அப்பால் வட்ட வடிவக் கூடம் ஒன்று உள்ளது. நாற்பத்திரண்டு அடி விட்டமும் அறுபத்திரண்டு அடி உயரமும் உடைய அக்கூடம் ரோம் நகரிலுள்ள பாந்தியன் கோயிலை நினைவில் வைத்து அமைக்கப்பட்டது. தென்முகமோ, ரோமில் கான்ஸ்டன்டைன் மன்னன் பெயரால் நிற்கும் வெற்றி வளைவைப் பின்பற்றியது.

நடுக்கட்டடத்தின் இருபுறமும் வளைந்த நடைவழிகளால் இணைக்கப்பட்ட இரண்டு பக்கக் கட்டடங்கள் உள்ளன. ஒன்றில் சமையற்கூடம் இருந்தது. மற்றொன்றில் குடும்பத்தார் வாழ்ந்தனர். நடுக்கட்டடம் வாழ்வதற்காக எழுந்தது அன்று என்பது இதனால் விளங்கும். விருந்தினர் கண்டு வியத்தற்காகவே அது எழுந்தது. முதல் வரைபடத்தில் நான்கு பக்கக் கட்டடங்கள் இருந்தன. தெற்கே அமைய வேண்டிய இரண்டும் கட்டப்படவேயில்லை. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் அது வேறொரு நாட்டில் பயன்படும்.

சர் நத்தேனியல் 1761ஆம் ஆண்டில் ஸ்கார்ஸ்டேல் பிரபு என்னும் பட்டம் பெற்றார். 1765ஆம் ஆண்டில் இம்மாளிகையைத் தம் நண்பர்களுக்காகவும் தமக்காகவும் எழுப்பியதாக லத்தீன் மொழியில் தென்முகத்தில் பொறித்து வைத்தார்.

இடம்பெயர்ந்த ஊர்

நண்பர்களுக்கும் தமக்கும் என்று பொறித்த அப்பிரபு, அயலாரைப் பற்றி எதுவும் பொறிக்கவில்லை. மாளிகைக்கு அயலார் இருந்தனர். பழைய வீட்டின் அருகே கெடில்ஸ்டன் என்னும் சிற்றூர் இருந்தது. அதன் வீடுகளும் விடுதியும் பொதுச்சாலையும் புதிய மாளிகையின் காட்சிக்கு இடையூறாயின. எனவே சாலை விலக்கி அமைக்கப்பட்டது. ஊர் வேறிடத்துக்கு அகற்றப்பட்டது. வீடுகள் நின்ற நிலம் புல்வெளியாயிற்று. சிற்றோடை அணைகளால் தடுக்கப்பட்டு நீண்ட ஏரிகளாக விரிந்தது. அவற்றின்மேல் ஆடம் வரைந்து தந்த மூன்று வளைவுப் பாலம் எழுந்தது. இன்று அங்குச் செல்வோர் இயற்கை என்று கருதி மகிழும் காட்சி, மனிதர் வாழ்ந்த இடத்தைத் துடைத்து எழுதப்பட்டதாகும்.

ஊர் போனபோது ஒன்று மட்டும் எஞ்சியது. மாளிகையை ஒட்டி நிற்கும் தேவாலயமே அது. ஊர்மக்கள் ஞானமுழுக்குப் பெற்றதும் மணம் புரிந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் அக்கோயிலில்தான். கர்சன் குலத்து முன்னோரின் கல்லறைகளும் அங்கேயே இருந்தன. ஊரில்லாத கோயிலாக அது இன்றும் நிற்கின்றது. பிரபுவின் குலத்தார் பெயர்கள் அதனுள் சலவைக்கல்லில் நிலைத்துள்ளன. ஒரு காலத்தில் அதனைச் சூழ வாழ்ந்தோருக்கு அக்கோயிலே நினைவுச்சின்னம்.

இது கெடில்ஸ்டனில் மட்டும் நிகழ்ந்தது என்று எண்ணுதல் ஆகாது. ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே நூனம் கோர்ட்டனியில் ஹார்கோர்ட் பிரபு அதே காலத்தில் ஓர் ஊரை அகற்றினார். டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு ஒரு சிறு நகரையே அகற்றி, மில்டன் அப்பாஸ் என்னும் புதிய ஊரை அமைத்தார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்னும் கவிஞர் 1770ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட ஊர்’ என்னும் பாடல், செல்வரின் பூங்காக்களுக்காகக் குடியிழந்த உழவரின் துயரைப் பேசியது. ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவர் அப்பாடலைப் படிக்கும்போது கெடில்ஸ்டனின் புல்வெளியையும் நினைவுகூர்தல் நன்று.

தொடக்கம் முதலே வந்த பார்வையாளர்

பெருமாளிகைகளைப் பொதுமக்கள் காண்பது இருபதாம் நூற்றாண்டின் வழக்கம் என்று பலர் கருதுவர். கெடில்ஸ்டன் தொடக்கம் முதலே காண்போரை எதிர்நோக்கியிருந்தது. பயணிகள் தங்குவதற்குப் பிரபு சாலையோரத்தில் புதிய விடுதி ஒன்றை அமைத்தார். ஓவியங்களையும் சிலைகளையும் விளக்கும் சிறு நூலும் அச்சிடப்பட்டது. மதிப்புடைய உடையணிந்து வருவோரை இல்லப் பொறுப்பாளரான அம்மையார் அறைதோறும் அழைத்துச் சென்று விளக்கினார். நீண்ட காலம் அப்பணியைச் செய்தவர் திருமதி கார்னெட் என்பார். கையில் அந்நூலை ஏந்தி நிற்கும் அவருடைய ஓவியம் இன்றும் மாளிகையில் உள்ளது. பிரபுக்களின் ஓவியங்களுக்கிடையே பணியாளர் ஒருவரின் முகமும் இடம்பெற்றிருத்தல் அருமையான செய்தியாகும். ஜேன் ஆஸ்டின் 1813ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்தில், டார்பிஷயர் மாளிகை ஒன்றைக் காணவரும் எலிசபெத்துக்கு இல்லப் பொறுப்பாளர் அறைகளைச் சுற்றிக் காட்டும் பகுதி உண்டு. அது கற்பனையே எனினும், அவ்வழக்கம் கற்பனையன்று.

பார்வையாளருள் புகழ் மிக்கவர் அகராதி ஆசிரியரான டாக்டர் சாமுவேல் ஜான்சன். அவர் தம் நண்பர் பாஸ்வெல்லுடன் 1777ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் கெடில்ஸ்டனுக்கு வந்தார். பரந்த பூங்காவையும் பெரிய ஓக் மரங்களையும் கண்டு மயங்கிய பாஸ்வெல், இவற்றையெல்லாம் உடையவர் இன்பமாகத்தான் இருப்பார் என்றார். இவை தடுக்கக்கூடிய துன்பம் வறுமை ஒன்று மட்டுமே என்று ஜான்சன் விடை கூறினார். மாளிகைக்குள் சென்று பார்த்த பின்னர், இது நகரமன்றமாவதற்கு ஏற்றது என்று அவர் நகையாடினார். தூண்கள் நிற்கும் கூடத்தில் நீதிபதிகள் அமரலாம். வட்டக் கூடம் சான்றாயர்களுக்கு ஆகும். மேலறைகள் கைதிகளுக்குப் பயன்படும் என்பது அவர் கருத்து. பிறர் தூண்களை எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் ஜான்சன், இக்கட்டடம் எதற்கு என்ற வினாவை எழுப்பினார். காண்போர் அனைவரும் கற்க வேண்டிய பாடம் அது.

கல்கத்தாவில் எழுந்த மறுபடி

ஜான்சன் நகைச்சுவையாகச் சொன்னது இருபத்தைந்து ஆண்டுகளில் வேறு வகையில் மெய்யாயிற்று. கெடில்ஸ்டன் உண்மையாகவே அரசாங்கக் கட்டடமாயிற்று. ஆனால் இங்கிலாந்தில் அன்று, வங்காளத்தில்.

1798ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்த வெல்லெஸ்லி பிரபு, தம் பதவிக்குத் தக்க மாளிகை அங்கு இல்லை என்று கருதினார். கம்பெனிப் படையின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த சார்லஸ் வையட், கெடில்ஸ்டனை முன்மாதிரியாகக் கொண்டு வரைபடம் வரைந்தார். அவருடைய உறவினரான சாமுவேல் வையட் கெடில்ஸ்டன் கட்டடப் பணியை மேற்பார்த்தவர். 1799 முதல் 1803 வரை நடைபெற்ற பணியின் முடிவில் அரசாங்க மாளிகை எழுந்தது. கெடில்ஸ்டனில் கட்டப்படாமற்போன இரண்டு பக்கக் கட்டடங்களும் இங்குக் கட்டப்பட்டன. நான்கு மூலைகளிலும் நான்கு கட்டடங்கள் நின்றன. வங்காளத்தின் வெப்பத்தில் எல்லாப் புறத்திலிருந்தும் காற்று வருவதற்கு அவ்வமைப்பு உதவியது. திறப்பு விழாவைக் கண்ட வலென்சியா பிரபு, இந்தியாவைக் கணக்கறையிலிருந்து ஆளாமல் அரண்மனையிலிருந்து ஆளுதலே தகும் என்று எழுதினார். செலவின் மிகுதியைக் கண்ட கம்பெனி இயக்குநர்கள் சினங்கொண்டனர்.

அம்மாளிகை எழுந்த ஆண்டுகளைத் தமிழ் மாணவர் மறத்தற்கில்லை. கட்டடப்பணி தொடங்கிய 1799ஆம் ஆண்டில்தான் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்தார். வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சையின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறியது. 1801ஆம் ஆண்டில் கர்நாடக நவாபின் ஆட்சி முடிவுற்றது. மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இவையனைத்தும் வெல்லெஸ்லி தலைமை ஆளுநராயிருந்த காலத்தில் நிகழ்ந்தவை.

மலேசிய, சிங்கப்பூர் மாணவருக்கும் அம்மாளிகையோடு தொடர்பு உண்டு. 1786ஆம் ஆண்டில் கம்பெனியின் வசமான பினாங்கும், 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வந்திறங்கிய சிங்கப்பூரும், மலாக்காவும் 1826ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்டன. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று லண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அமைச்சின் நேரடி ஆட்சிக்கு மாறும்வரை அவை கல்கத்தாவின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தன. டார்பிஷயர் புல்வெளியில் ஒரு பிரபு தம் நண்பர்களுக்காக எழுப்பிய வடிவம், இவ்வாறு பல கடல்களுக்கு அப்பாலிருந்தோரையும் ஆளும் அதிகாரத்தின் முகமாக மாறியது.

பிறந்த வீடும் ஆண்ட வீடும்

1859ஆம் ஆண்டில் கெடில்ஸ்டனில் ஜார்ஜ் நத்தேனியல் கர்சன் பிறந்தார். கல்கத்தா அரசாங்க மாளிகை தம் வீட்டின் மறுவடிவம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1899ஆம் ஆண்டு சனவரியில், தம் நாற்பதாம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, வைசிராயாக அம்மாளிகையின் படிகளில் ஏறினார். பிறந்த வீட்டின் சாயலுடைய வீட்டிலிருந்து ஒரு பெருநாட்டை ஆளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

கர்சனைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்புரைத்தல் இயலாது. 1904ஆம் ஆண்டுப் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அவர் காலத்தில் இயற்றப்பட்டது. தாஜ்மகால் முதலிய நினைவுச்சின்னங்களைச் செப்பனிடுவதில் அவர் காட்டிய அக்கறை போற்றத்தக்கது. அவர் காலத்திலேயே 1899–1900 பெரும்பஞ்சம் நாட்டை வாட்டியது. 1903ஆம் ஆண்டில் டில்லியில் பேராடம்பரத் தர்பார் நடைபெற்றது. 1905ஆம் ஆண்டில் மக்களின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது வங்காளம் பிரிக்கப்பட்டது. கட்டடங்களின் கூக்குரலைக் கேட்ட செவிகள் மக்களின் கூக்குரலைக் கேட்கவில்லை.

1916ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபின் கெடில்ஸ்டன் கர்சனுக்கு உரியதாயிற்று. ஆசியப் பயணங்களிலும் வைசிராய்ப் பதவியிலும் அவர் திரட்டிய வெள்ளி, தந்தம், படைக்கலம், துணி முதலிய பொருள்கள் அவர் மறைவுக்குப் பின் 1927ஆம் ஆண்டில் மாளிகையின் கீழ்த்தளத்தில் கீழைநாட்டு அருங்காட்சியகமாக அமைக்கப்பட்டன. அவருடைய மனைவி மேரி 1903ஆம் ஆண்டுத் தர்பார் விருந்தில் அணிந்த மயிலாடையும் கெடில்ஸ்டனில் உள்ளது. இந்தியக் கைவினைஞர் பொன்னிழையால் மயிற்பீலிகளைப் பின்னி, ஒவ்வொரு பீலிக்கண்ணிலும் பச்சை வண்டின் சிறகோட்டைப் பதித்தனர். அத்துணி பாரிசு நகருக்குச் சென்று உடையாகத் தைக்கப்பட்டது. தைத்த பாரிசு நிறுவனத்தின் பெயரும் அணிந்த அம்மையாரின் பெயரும் அவ்வாடையோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றன. ஊசி பிடித்த கைகளுக்கு அப்புகழ் கிட்டவில்லை.

மாளிகை பொதுவுடைமையான காலம்

இருபதாம் நூற்றாண்டில் மரணவரியும் நிலவருவாய்க் குறைவும் உலகப் போர்களும் ஆங்கிலப் பிரபுக்களின் வாழ்வைக் குலைத்தன. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1895ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நேஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய அறக்கட்டளை, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் அத்தகைய மாளிகைகளை ஏற்றுக் காக்கத் தொடங்கியது. கெடில்ஸ்டன் 1987ஆம் ஆண்டில் அதன் பொறுப்புக்கு வந்தது. பெருந்தொகையான பொதுநிதி அதற்கு உதவியது. நண்பர்களுக்கென்று எழுப்பப்பட்ட மாளிகை பொதுமக்களின் உடைமையாயிற்று.

உடைமை பொதுவானபோது வரலாறும் பொதுவாக வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த அறக்கட்டளை, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்புகளை விளக்கும் அறிக்கையை வெளியிட்டது. கெடில்ஸ்டனும் அதில் இடம்பெற்றது. முன்னோரை இழிவுபடுத்துவதாக ஒரு சாரார் கண்டித்தனர். மறைத்ததை இப்போதாவது சொன்னார்களே என்று மற்றொரு சாரார் வரவேற்றனர். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் ஆராய்ந்து, அறக்கட்டளை சட்டத்தை மீறவில்லை என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவ்வழக்கில் நடுநிலையோடு சிந்தித்தல் நலம். கெடில்ஸ்டன் இந்தியச் செல்வத்தைக் கொண்டு எழுந்தது என்று கூறுதல் பொருந்தாது. கர்சன் குடும்பத்தின் செல்வம் முதன்மையாக ஆங்கில நிலத்திலிருந்து வந்தது. அதன் பொருட்டு முதலில் இடம்பெயர்ந்தவர்களும் ஆங்கில ஊர்மக்களே. இந்தியத் தொடர்பு பின்னர் வந்து சேர்ந்தது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எல்லா மாளிகைகளையும் ஒரே கோலால் அளப்பவர், எதனையும் ஆராயாமல் வியப்பவரைப் போன்றே தவறு செய்பவர் ஆவார். உண்மையைத் தேடுவோர்க்குச் சினமும் பயன்படாது, மயக்கமும் பயன்படாது.

ஆடமின் கலைத்திறனும் தூண்களைச் செதுக்கிய கொத்தரின் கைத்திறனும் மெய்யானவை. ஊர் அகற்றப்பட்டதால் அவற்றின் அழகு குன்றிவிடாது. அழகாயிருப்பதால் ஊர் அகற்றப்பட்ட செய்தி பொய்யாகியும் விடாது. இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கும் ஆற்றலே வரலாற்றுக் கல்வி தர வேண்டிய பயிற்சியாகும்.

மாணவரை வரலாற்றுச் சின்னங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொல்வதோடு பணி முடிந்ததாகக் கருதுதல் கூடாது. இதற்கு முன் இங்கு என்ன இருந்தது, இதற்கான பொருள் எங்கிருந்து வந்தது, எவருடைய கைகள் இதனைச் செய்தன, எவர் காண்பதற்காக இது எழுந்தது என்னும் வினாக்களையும் மாணவர் கேட்குமாறு பழக்குதல் வேண்டும். கெடில்ஸ்டனில் முதல் வினாவுக்கு விடை மாளிகைக்குள் இல்லை. வெளியே வந்து, ஊரில்லாத அந்தத் தேவாலயத்தின் முன் நின்று, எதிரே விரியும் புல்வெளியைப் பார்த்தால்தான் அது விளங்கும்.